‘படம் சுமார்தான்’ என்றேன். அண்ணன் குரூப்பை விட்டே போய்விட்டார்

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. மலேசியாவில், பினாங்கு மாநிலத்து பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. படம், நாடகம், நெட்ஃபிளிக்ஸ் எதையும் விடமாட்டேன். பார்த்ததைப் பற்றி நாலு பேரிடம் பேசாவிட்டால் எனக்குப் பார்த்த மாதிரியே இருக்காது. அந்த வாய்தான் இப்போது வினையாகிவிட்டது. போன மாதம் ஒரு பெரிய நடிகரின் படத்தை முதல் நாளே பார்த்துவிட்டு, குடும்ப வாட்சாப் குரூப்பில் ‘படம் சுமார்தான், கடைசியில் ஹீரோ செத்துப் போறார், அவ்வளவுதான்’ என்று போட்டேன். கிளைமாக்ஸைக் கொஞ்சம் கைப்பேசியில் பிடித்து ஸ்டேட்டஸிலும் வைத்தேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிள்ளைகளோடு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாராம். குரூப்பை விட்டே போய்விட்டார், இன்றுவரை பேச்சில்லை. வீட்டில் மாமியார் பார்க்கும் நாடகத்தை ‘இதெல்லாம் ஒரு கதையா அத்தை’ என்று கேட்டதிலிருந்து, நான் ஹாலுக்கு வந்தால் அவர் டிவியை அடைத்துவிடுகிறார். இதற்கு நடுவில் என்னோடு வேலை செய்யும் தோழியின் தம்பி நடித்த உள்ளூர்ப் படம் வந்தது. பார்த்தேன், பிடிக்கவில்லை. ‘எப்படி இருந்துச்சு’ என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஓ.டி. (ஓவர்டைம்) இருக்கிறது என்று சொல்லி நான் ஓடிக்கொண்டே இருக்கிறேன். இனி எதைப் பற்றியும் வாய் திறக்காமல் இருந்துவிடலாமா?

— பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: வாய் திறக்காமல் இருக்க உங்களால் முடியாது, தங்கச்சி. கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அப்படி இருக்கவும் வேண்டாம். படம் முடிந்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தே தாரிக் டீ ஆறிப் போகும்வரை அதைப் பற்றி அடித்துக்கொள்ளாவிட்டால் டிக்கெட் காசில் பாதி வீண் என்று நினைக்கிற ஆள்தான் நானும்.

ஆனால் நடந்த மூன்றையும் ‘என் வாய்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அண்ணன் உங்களிடம் எதையும் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார். உங்கள் அத்தையும் கேட்கவில்லை, அவர்பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டது தோழி ஒருத்திதான், அவளிடம்தான் நீங்கள் பேச மறுக்கிறீர்கள். கேட்காத இரண்டு பேருக்குத் தீர்ப்பு, கேட்டவளுக்கு ஓ.டி.!

முதலில் அண்ணன். ‘சுமார்தான்’ என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். காசு கொடுத்துப் பார்த்தீர்கள், பிடிக்கவில்லை, சொன்னீர்கள். 2024-இல் தமிழ்நாட்டில் ஒரு தயாரிப்பாளர் சங்கம், படம் வெளியான முதல் மூன்று நாளைக்கு யூடியூப் போன்ற இடங்களில் விமர்சனமே வரக் கூடாது என்று கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. நீதிமன்றமே போடாத தடையை அண்ணன் போட முடியாது.

ஹீரோ செத்துப் போகிறார் என்று சொன்னீர்களே, அதுதான் தப்பு. முழுக்க உங்கள் தப்பு. அதில் உங்கள் கருத்து என்று எதுவும் இல்லை. பிள்ளைகளோடு போனால் டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்து நூறு வெள்ளியை, அதாவது நூறு ரிங்கிட்டை, தாண்டிவிடுகிறது. அவ்வளவும் கொடுத்து அவர் வாங்கப் போனது, கடைசி பத்து நிமிஷம் என்ன ஆகுமோ என்கிற அந்தப் பதைபதைப்பைத்தான். அதை முதல் நாளே நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள். குடும்ப குரூப் என்றால் ஊரில் இருக்கும் சொந்தங்களும் அதில் இருப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். சென்னையில் காலை 9 மணிக் காட்சி தொடங்கும்போது இங்கே பதினொன்றரை. அதற்குள் இங்கே காலைக் காட்சிக்குப் போனவர்கள் பாதிக்கு மேல் பார்த்து முடித்திருப்பார்கள். பினாங்கில் இருக்கிறவர், திருச்சியில் இன்னும் தியேட்டர் வாசலில் நிற்கும் அத்தை மகனுக்கு முடிவைச் சொல்லிவிடலாம். சொல்ல முடிகிறது என்பதற்காகச் சொல்ல வேண்டுமா?

அண்ணனைப் போனில் கூப்பிடுங்கள். குரூப்பில் எழுதாதீர்கள், வேறு யாரையும் தூதுக்கும் அனுப்பாதீர்கள். ‘முடிவைச் சொன்னது தப்பு அண்ணா, பிள்ளைங்களுக்காச்சும் நான் யோசிச்சிருக்கணும்’ என்று அதை மட்டும் சொல்லுங்கள். படம் நன்றாகத்தான் இருந்தது என்று பொய்யாக ஒன்றைச் சேர்க்காதீர்கள், அவருக்குத் தெரிந்துவிடும். குரூப்பில் அவரைத் திரும்பச் சேர்க்கிற வேலையை அண்ணி பார்த்துக்கொள்வார்.

ஸ்டேட்டஸில் கிளைமாக்ஸ் வைத்ததைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தத்தின்படி, திரையரங்கில் ஓடும் படத்தைப் பதிவு செய்வதே தனிக் குற்றம். அபராதம் 10,000 வெள்ளியில் தொடங்கி ஒரு லட்சம் வரை போகும், ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. இருபது செகண்ட்தானே, எல்லாரும்தானே செய்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே செல்லாது. கைப்பேசியில் இன்னும் இருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள். இனி படம் ஓடும்போது கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும்.

கதையைச் சொல்லாமல் படத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. 2025-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அடலசன்ஸ்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நாலே பாகம், ஒவ்வொரு பாகமும் நடுவில் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் எடுத்தது. கேமரா வீட்டுக்குள் நுழைந்து, வண்டியில் ஏறி, போலீஸ் நிலையத்துக்குள் போகிறவரை நிற்பதில்லை. இவ்வளவு சொல்லியும் கதையில் ஒரு முடிச்சைக்கூட நான் அவிழ்க்கவில்லை. கேட்கிறவருக்குப் பார்க்க ஆசைதான் வரும். தொடர்களில் இன்னொரு தொல்லை, ஆளுக்கு ஓர் இடத்தில் நிற்பார்கள். ‘எத்தனாவது எபிசோடு?’ என்று கேட்டுவிட்டு வாயைத் திறந்தால் போதும்.

அப்புறம், ‘சுமார்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்றேன். ஆனால் அந்தச் சொல்லால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ‘செம’, ‘மொக்கை’, ‘ஓகே லா’ எல்லாம் அதே ஜாதிதான். காண்டீனில் ஒருத்தர் ‘மொக்கை’ என்பார், எதிரில் இருப்பவர் ‘இல்ல, செம’ என்பார், அத்தோடு பேச்சு செத்துவிடும். 2024 செப்டம்பரில் ‘மெய்யழகன்’ வந்தபோது இப்படித்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். பல வருஷம் கழித்துச் சொந்த ஊர்ப் பக்கம் வருகிற ஒருவரும் அவரை உருகி உருகிக் கவனிக்கிற சொந்தக்காரர் ஒருவரும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் படம். ஒருவருக்கு இழுவையாக இருந்த அதே பேச்சில்தான் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியான சில நாளிலேயே ஏறக்குறைய 18 நிமிஷத்தைப் படக்குழுவே வெட்டியது. முதல் நாள் பார்த்தவரும் பிறகு பார்த்தவரும் சண்டை போட்டால், அவர்கள் பார்த்ததே வேறு வேறு படமாக இருக்கலாம். ‘இழுவை’ என்று முடித்துவிடாமல் ‘அந்தத் திண்ணைப் பேச்சில் எனக்குப் பொறுமை போய்விட்டது’ என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் ‘எனக்கு எங்க சித்தப்பா ஞாபகம் வந்துடுச்சு’ என்பார். அங்கேதான் பேச்சே தொடங்குகிறது.

இப்போது உங்கள் மாமியார். இதில்தான் எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் கோபம்.

நாடகம் சினிமாவைப் போல ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அது அப்படி ஓடுவதற்காகச் செய்தது அல்ல. ஓர் அறை விழுந்தால் ஏழு பேர் முகத்தையும் தனித்தனியாகக் காட்டுகிறார்களே என்று உங்களுக்கு எரிச்சல். பார்க்கிறவர் அந்த நேரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார், போன் வரும், பேரப்பிள்ளை கூப்பிடும், இரண்டு நாள் விட்டும் போகும். எங்கே வந்து உட்கார்ந்தாலும் கதை புரிய வேண்டும் என்பதற்காகவே நேற்று நடந்ததை இன்றும் ஒருமுறை வசனமாகச் சொல்கிறார்கள். அடுப்படியில் இருந்தபடி காதாலேயே பாதி நாடகத்தைப் பார்த்துவிடலாம். அதற்காக எல்லா நாடகமும் நல்ல நாடகம் என்று சொல்ல வரவில்லை. பாயாசத்தில் விஷம் கலக்க ஆரம்பித்தால் நானே எழுந்து போய்விடுவேன்.

உங்கள் அத்தை நாடகம் பார்க்கும்போது என்ன பேசுகிறார் என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா? ‘இவளுக்கு அழவே வரல’, ‘இவ்வளவு நடந்தும் இந்த மாமியாக்காரிக்கு புத்தி வருதா பாரு’ என்று திட்டிக்கொண்டேதான் பார்ப்பார். நீங்கள் சொன்னதைவிடக் கடுமையாகவே சொல்வார். அவர் பிள்ளையை அவர் திட்டலாம். பக்கத்து வீட்டுக்காரி திட்டினால் சும்மா இருப்பாரா? வீட்டு வேலை எல்லாம் முடித்து அவருக்கென்று கிடைக்கிற நேரம் அது. ‘இதெல்லாம் ஒரு கதையா’ என்று நீங்கள் கேட்டபோது, ‘உங்கள் பொழுது இப்படித்தான் போகிறதா’ என்று அவர் காதில் விழுந்திருக்கும்.

அவரிடம் மன்னிப்பு என்று தொடங்கினால் இருவருக்குமே சங்கடம். ஒரு தட்டு நெத்திலியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கிள்ளுங்கள். டிவியை அடைக்கப் போனால் ‘இருக்கட்டும் அத்தை, அந்தப் பொண்ணு ஏன் திரும்ப அந்த வீட்டுக்கே போச்சு?’ என்று கேளுங்கள். முதல் நாள் ஒற்றை வரியில் பதில் வரும், விடாதீர்கள். இன்னொரு நாள் ‘மெட்டி ஒலி’ பற்றிக் கேளுங்கள். 2002-இல் தொடங்கி 2005 வரை ஓடிய நாடகம், அஞ்சு பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் கதை. அவர் வயதுக்காரர்களில் அதைப் பார்க்காதவர் குறைவு. அதோடு ஒப்பிட்டு இப்போது வருவதெல்லாம் குப்பை என்று அவரே சொல்லக்கூடும். அப்போது ‘ஆமாம் அத்தை’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘நான் அன்னைக்கே சொன்னேனே’ மட்டும் வேண்டவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது தோழியின் தம்பி. உள்ளூர்ப் படம் என்றால் நம்மிடம் இரண்டே பேச்சுதான். ஒன்று, ‘நம்ம படம், ஆதரிக்கணும்’. இன்னொன்று, ‘நம்ம ஊர்ப் படத்துக்கு இது பரவாயில்லை’. இரண்டாவதைத் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். தெரிந்த முகமாயிற்றே என்று தலையைத் தடவிக் கொடுப்பது அது. ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் வந்தது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழிப் படங்களையும் மற்ற மொழிப் படங்களையும் பிரித்து வைத்தது பெரிய சர்ச்சையாகி, கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதையே அது வாங்கியது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள், குண்டர் கும்பல், அடி வாங்கியே வளரும் பையன், நாம் வீட்டில் பேசுகிற அதே தமிழ் என்று பேச அந்தப் படத்தில் எவ்வளவோ இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ‘ஆதரிப்போம்’ என்று மட்டும் சொன்னவர்கள் படத்தைப் பார்த்தார்களா என்றே எனக்குச் சந்தேகம்.

தோழி கேட்பது படத்தைப் பற்றி இல்லை, தம்பியைப் பற்றி. ‘எப்படி இருந்துச்சு’ என்றால் ‘என் தம்பியைக் கவனிச்சியா’ என்று அர்த்தம். அதற்கு உங்களிடம் பதில் இருக்கும். அவர் வரும் காட்சிகளில் மனதில் நின்ற ஒன்றை, நிஜமாகவே நின்ற ஒன்றைச் சொல்லுங்கள். நடந்து வந்த விதமோ, ஒரு வசனத்தை விழுங்கிச் சொன்னதோ, எதுவாக இருந்தாலும் சரி. எதுவுமே நிற்கவில்லை என்றால் ‘பெரிய திரையில தம்பியைப் பார்த்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு’ என்று கேளுங்கள். அவள் அதைச் சொல்லத்தான் இத்தனை நாளாக உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். ‘உனக்குப் படம் பிடிச்சுதா’ என்று அதற்குப் பிறகும் நேராகக் கேட்டால், ‘கதை எனக்கு ஒட்டல’ என்று சொல்லிவிடலாம். தம்பியைப் பற்றிப் பேசிய பிறகு அது அவ்வளவாகச் சுடாது.

தம்பியே உங்களிடம் வந்து கேட்டால் அது வேறு. அவருக்கு இது தொழில். எந்தக் காட்சியில் உங்கள் கவனம் போனது, எந்த இடத்தில் மணி பார்த்தீர்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் எல்லாரும் ‘சூப்பர் தம்பி’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.