சுருள் நிற்கவில்லையா? சூட்டைக் கூட்டாதீர்கள்

கேள்வி: என் முடி நேரானது, தோளுக்குக் கீழே வரை நீளம். 38 மி.மீ. விட்டமுள்ள கர்லிங் அயர்னில் (முடியைச் சுற்றிச் சுருட்டும் சூடான குழல்) சுருட்டினால் ஒரு மணி நேரத்தில் பழையபடி நேராகிவிடுகிறது. 220 டிகிரி வரை ஏற்றிப் பார்த்தேன். கருகல் வாடை வந்ததுதான் மிச்சம். டைட்டானியம் கருவி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் சுருளுக்குச் சூடு போதாமல் இல்லை. அது ஆறுவதற்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் ஹைட்ரஜன் பிணைப்பு எளிதில் விட்டுப்போகும். சூடு பட்டதும் விடும். ஆறும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதிலேயே மறுபடி சேரும். சூடான சுருளை அப்படியே தொங்கவிட்டால் அதன் எடையே அதை இழுத்துவிடும், அந்த இழுபட்ட வடிவமே நிலைத்துவிடும். அதனால் ஒவ்வொரு சுருளையும் உள்ளங்கையில் ஏந்தி, வளையம் கலையாமல் தலையோடு ஒட்டி கிளிப் போடுங்கள். தொட்டுப் பார்த்தால் சூடே தெரியக்கூடாது, அப்போதுதான் கழற்ற வேண்டும். விரலால் கோதுவதெல்லாம் அதற்குப் பிறகு. இதை மட்டும் ஒரு வாரம் செய்து பாருங்கள், பழைய கருவியிலேயே வித்தியாசம் தெரியும்.

சரி, புதிதாக வாங்குவதென்றால் 25 மி.மீ. வாங்குங்கள். 38 மி.மீ. லேசான அலைக்குத்தான் சரி. நேர் முடியில் அது சீக்கிரம் தளரும். 25-இல் சுருட்டினால் கொஞ்சம் தளர்ந்த பிறகும் நீங்கள் விரும்பும் வளைவு மிஞ்சும். டைட்டானியம் சட்டென்று சூட்டை முடிக்குக் கடத்தும், கை பழகியவர்களுக்கு அது வசதி. உங்களுக்கு செராமிக் பூச்சுள்ள கருவி போதும். பூச்சு உரிந்திருந்தால் மட்டும் பயன்படுத்தாதீர்கள், அந்த இடத்தில் முடி சிக்கி அறும். டிகிரியை நாமே வைக்க முடிகிற கருவியாகப் பார்த்து வாங்குவது முக்கியம்.

மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 150 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். சாதாரண முடிக்கு 160 முதல் 180. எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் 200-ஐத் தாண்ட வேண்டாம். விரல் அகலத்துக்குப் பிரித்து, 8 முதல் 10 நொடி வைத்தால் போதும்.

அந்தக் கருகல் வாடை எனக்குக் கவலையாக இருக்கிறது. முடி முழுதாகக் காய்ந்திருந்ததா? ஈர முடியில் இவ்வளவு சூடு பட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, முடித்தண்டுக்குள் குமிழ்கள் உண்டாகும்; பிறகு அங்கேதான் ஒடியும். 'சொய்' என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். சூட்டிலிருந்து காக்கும் ஸ்ப்ரே அடித்தாலும் அது உலர்ந்த பிறகே தொடங்க வேண்டும். கருகிய நுனி எந்த சீரம் போட்டாலும் பழைய நிலைக்கு வராது, அரை அங்குலம் வெட்டிவிடுங்கள்.

ஹேர் ஸ்ப்ரே? சுருள் ஆறி, கிளிப்பைக் கழற்றிய பிறகு, லேசாக.