மூன்று லட்சம், ஐந்து மாதம், எத்தனை நாடு?

வாசகர் கேள்வி - பதில்

கே: வயது 24. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதி 3 லட்சம் சேர்த்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஐந்து மாதம் தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா, இந்தோனேசியா சுற்றிவர ஆசை. பணம் போதுமா?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

ப: ஆறு நாட்டுக்குப் போதாது, இரண்டு நாட்டுக்குப் போதும்.

கணக்கு எழுதுகிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 3 லட்சத்தை 150 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 2,000 வருகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதில் முதலில் ஐம்பதாயிரத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிடுங்கள், திரும்பி வந்த மறுநாளே வேலை கிடைத்துவிடாது. டிக்கெட், விசா, பயணக் காப்பீடு என்று இன்னொரு ஐம்பதாயிரம். மிச்சம் நாளைக்கு 1,333. ஒரு ஊரில் உட்கார்ந்தால் இதில் தாராளமாக இருக்கலாம். ஓடிக்கொண்டே இருந்தால் முடியாது.

நான் போனபோது ஒரு குட்டி நோட்டில் செலவு எழுதினேன். ஒரே விடுதியில் தங்கிய நாளெல்லாம் 1,100, 1,200 என்று நின்றது, ஊர் மாறிய நாள் ஒன்றுகூட 2,500க்குக் கீழே இறங்கவில்லை. பஸ் டிக்கெட் மட்டும் காரணமில்லை. இறங்கிய இடத்திலிருந்து விடுதிக்குப் பைக் டாக்சி, பசியில் விலை கேட்காமல் தின்றது, அவசரத்துக்கு ஏடிஎம்மில் எடுத்தது எல்லாம் சேர்ந்துதான். (தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம், ஆயிரம் எடுத்தாலும் பத்தாயிரம் எடுத்தாலும் அதேதான். திரையில் ‘ரூபாயில் கழிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அவர்கள் வைக்கும் நாணய மாற்று விகிதம் உங்களுக்குக் கட்டாது.)

ராத்திரி பஸ்ஸில் போனால் ரூம் வாடகை மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். வியட்நாம் ஸ்லீப்பர் பஸ்ஸில் ஏறும்போதே செருப்பைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், உள்ளே மூன்று வரிசை, இரண்டு அடுக்கு, காலை நுழைக்க ஒரு பெட்டி மாதிரி இருக்கும். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள எனக்கு விடியும்வரை முட்டி மடங்கியேதான் இருந்தது. காலையில் இறங்கி, விடுதியில் பகல் இரண்டு மணிவரை தூங்கினேன். வாடகை மிச்சம்தான், ஒரு பகல் போச்சு.

அதனால் என் யோசனை இது: வியட்நாம், தாய்லாந்து இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் இ-விசா தருகிறது, ஒரு முறை நுழைய 25 டாலர். தாய்லாந்து 2024 ஜூலையில் நமக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று திறந்துவிட்டது. அது மாறாமல் இருந்தால், இரண்டையும் கூட்டினால் சரியாக உங்கள் 150. தாய்லாந்தின் நாட்களைக் குறைக்கப்போவதாக அங்கே பேச்சு எழுந்தது, இன்னும் 60தானா என்று டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்புறம், போகிற நாட்டைவிட்டு வெளியேறும் டிக்கெட் கையில் இருக்கட்டும். சென்னை விமான நிலையக் கவுன்ட்டரில் அதைக் கேட்டு என்னை ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள், வரிசை முழுக்க வேடிக்கை பார்க்க, போனிலேயே அதிக விலைக்கு ஒன்று வாங்கினேன்.

கே: ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் வாங்கிவிட்டேன். வியட்நாமில் பைக் ஓட்டலாம்தானே?
(வாசகி, திருநெல்வேலி)

ப: வாடகைக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார், அதை நம்பாதீர்கள். நம் ஊரில் தரும் பெர்மிட் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி தருவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின் பெர்மிட்டை. ஆகவே 50 சிசிக்கு மேல் நீங்கள் ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. அபராதம் பெரிய விஷயமில்லை, கீழே விழுந்து கால் உடைந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது உரிமத்தைத்தான், அங்கேதான் சிக்கல். மலைப்பாதைகளில் ஓட்டுநரோடு சேர்த்தே பைக் கிடைக்கிறது, பின்னால் உட்கார்ந்து போங்கள். வேடிக்கை பார்க்க அதுதான் வசதி.

கே: காசு தீர்ந்தால் அங்கேயே வேலை பார்க்கலாமா? டெலிகிராமில் ஒருவர் பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட்டும் இலவசம் என்கிறார்.
(வாசகர், மதுரை)

ப: தம்பி, அந்த ஆளை இப்போதே பிளாக் செய்யுங்கள். பாங்காக் என்று கூட்டிப்போய், மே சோட் என்ற எல்லை ஊர் வழியாக ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடிப் பக்கம் கொண்டுபோய் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடிக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. 2025 மார்ச்சில் அப்படி மாட்டிய ஐநூறுக்கு மேற்பட்ட இந்தியர்களை அரசு விமானப்படை விமானம் அனுப்பித்தான் மீட்டு வந்தது. சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பது சட்டப்படியும் தப்பு. காசு தீரப்போகிறது என்றால் தீரும் முன்னே திரும்பிவிடுங்கள், அதில் ஒரு அவமானமும் இல்லை.

கே: நான் சுத்த சைவம். பட்டினிதானா?
(வாசகர், கும்பகோணம்)

ப: தாய்லாந்தில் கொஞ்சம் கஷ்டம். வியட்நாமில் பிழைத்துக்கொள்வீர்கள். கீரை வதக்கலில்கூட மீன் சாறு ஊற்றும் ஊர்தான், ஆனால் பலகையில் ‘கொம் சாய்’ என்று போட்டிருக்கும் கடையைத் தேடுங்கள். கொம் என்றால் சோறு, சாய் என்றால் சைவம், நம் சாயா இல்லை. கோயில் பக்கம் நிச்சயம் ஒன்று இருக்கும். அங்கே பௌத்தர்களில் நிறையப் பேர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கவிச்சி தொடமாட்டார்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரியே. ஹுவே நகரில் நான் தினமும் கடந்துபோன தட்டுச்சோற்றுக் கடையில் எப்போதும் பன்றி வறுவல்தான் தொங்கும். ஒரு பௌர்ணமியன்று பார்த்தால் அந்த அக்கா டோஃபுவும் பலாக்காய் வதக்கலும் பரப்பி வைத்திருந்தார். தட்டு 35,000 டாங், நம் காசுக்கு 120 ரூபாய் போல. தட்டு காலியாவதைப் பார்த்ததும் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.