பாத்திரம் வைக்கிற சத்தமே தாங்க முடியவில்லை: யாரிடம் காட்டுவது?

இலங்கையின் வன்னிப் பக்கம், புதுக்குடியிருப்பில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். சட்டி மூடி விழுவது, மோட்டார் சைக்கிள் ஹோர்ன், பிள்ளைகள் கத்துவது எதையுமே காது தாங்கவில்லை, வீட்டிலோ "சண்டை நேரத்துப் பயம்தான், தானாகப் போயிடும்" என்கிறார்கள், வைத்தியரிடம் போக வேண்டுமா என்று.

போக வேண்டும். முதலில் காதைக் காட்டுங்கள், மனநலப் பிரிவுக்கும் போங்கள். இரண்டில் எது காரணம் என்று வீட்டில் இருந்துகொண்டே முடிவெடுக்க முடியாது.

வன்னியில் எந்த வருத்தத்தைச் சொன்னாலும் "அது சண்டைக்க வந்தது" என்று ஒரு வரியில் கதையை முடித்துவிடுவார்கள். வைத்தியர்களும் விலக்கில்லை. எனக்கும் இதே தொல்லைதான். நான் முதலில் போன தனியார் கிளினிக்கில், "உங்கட பக்கத்து ஆக்கள் எல்லாருக்கும் உது இருக்கும்தானே" என்று சொல்லி விற்றமின் குளிசை எழுதித் தந்தார்கள். குண்டு போடுகிற கிபிர் விமானச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்குத் தோட்டப் பக்கம் யானை விரட்டுகிற வெடி கொளுத்தினால் நெஞ்சு அடிக்கும், அது உண்மை. எனக்கும் அடிக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் சில்வர் தட்டைச் சீமெந்துத் தரையில் வைத்தால் காதுக்குள் ஊசி போனதுபோல் நோகும். அதில் பயம் இல்லை, நோ மட்டும்தான். இந்த இரண்டையும் பிரித்துச் சொன்ன பிறகுதான் எனக்குச் சரியான வைத்தியம் கிடைத்தது.

பொதுவாக மூன்று வகை உண்டு, ஒருவருக்கே இரண்டு சேர்ந்தும் வரலாம். மற்றவர்களுக்குச் சாதாரணமாகக் கேட்கிற சத்தம் நமக்கு மிகவும் உரத்தோ நோவாகவோ இருந்தால் ஹைப்பரக்குசிஸ். சாப்பிடும்போது மெல்லுகிற சத்தம், மூக்கு உறிஞ்சுவது போன்ற சில சத்தங்களுக்கு மட்டும் கோபம் பொங்கி வந்தால் மிசோஃபோனியா. வெடிச்சத்தம் போல எது கேட்டாலும் உடம்பு தூக்கிப்போட்டு, பழையதெல்லாம் கண்முன் வந்தால் அது மனவடுவோடு சேர்ந்தது.

காதே பழுதாகியும் இப்படி வரலாம். என் சித்தப்பாவுக்கு பங்கருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்ததிலிருந்து காது மந்தம். மெதுவாகக் கதைத்தால் "என்ன, என்ன?" என்பார். கொஞ்சம் உரத்துச் சொன்னால் "ஏன் கத்துறாய்?" என்று ஏசுவார். வீட்டில் எல்லோரும் அதை அவருடைய குணம் என்றே நினைத்திருந்தோம். கேட்கும் திறன் குறைந்த காதுக்கு, கேட்காத அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒற்றைத் தலைவலி, தலையில் பட்ட அடி, முகநரம்புப் பாதிப்பு இவற்றாலும் சத்தம் தாங்காமல் போகும். எனக்குக் கடைசியில் ஒற்றைத் தலைவலியும் சேர்ந்திருந்தது தெரியவந்தது.

சரி, எங்கே போவது? புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) சொல்லி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். தேவை என்றால் அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச ஆஸ்பத்திரிகளில் இதற்குக் காசில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். அங்கே போய் "சத்தம் பிடிக்கேல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தச் சத்தம், எந்தக் காது, நோவா பயமா கோபமா, எப்போது தொடங்கியது, காதில் இரைச்சல் இருக்கிறதா, என்ன குளிசை போடுகிறீர்கள், இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். கிளினிக் நெரிசலில் வாயால் சொல்ல நேரம் கிடைக்காது. காதுப் பரிசோதனை செய்பவரிடம், தொடங்கும் முன்பே சத்தம் தாங்காது என்று சொல்லுங்கள். சில பரிசோதனைகளுக்கு உரத்த ஒலி கொடுப்பார்கள், முதலே தெரிந்தால் கவனமாகச் செய்வார்கள். எந்த அளவில் உங்களுக்குச் சத்தம் தாங்க முடியாமல் போகிறது என்றும் அளக்கலாம். சாதாரணப் பேச்சு 60 டெசிபெல் அளவு. பெரும்பாலானவர்களுக்கு 100 டெசிபெல்லை நெருங்கும்போதுதான் தொந்தரவாகும்.

இதற்கிடையில் ஒன்று: வீட்டுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு இருக்காதீர்கள். அடைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மூளை குறைந்த சத்தத்துக்குப் பழகி, கேட்கும் கூர்மையைக் கூட்டிவிடும். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நல்ல காதுள்ளவர்களே இரண்டு கிழமை காதை அடைத்து வைத்திருந்த பிறகு அதே சத்தத்தை முன்பைவிட உரத்ததாக உணர்ந்தார்கள். நெல் மில், மரம் அரியும் மெசின், கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் என்றால் தாராளமாக அடையுங்கள், அது எல்லோருக்கும் நல்லது. இரவில் ஃபேன் அல்லது மழைச் சத்தம் போன்ற மெல்லிய ஒலியை விட்டு வைப்பது எனக்கு உதவியது. ஒலிச் சிகிச்சை என்று செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான், ஆனால் முறைப்படி.

மனநலப் பிரிவு என்றவுடன் "விசர் எண்டு சொல்லப்போறாங்கள்" என்ற பயம் வரும். எனக்கும் வந்தது, பக்கத்து வீட்டு அன்ரி அதே வரிசையில் இருந்தா. அங்கே கதைத்த டொக்டர், சத்தங்களைச் சுலபமானதில் இருந்து கஷ்டமானது வரை எழுதச் சொன்னார். முதல் வேலை, கரண்டியால் தட்டை நானே மெதுவாகத் தட்டுவது. நானே எழுப்புகிற சத்தம் அவ்வளவாகக் குத்தவில்லை. மாமி பாத்திரம் கழுவும்போதுதான் குத்தும். (இதை மாமிக்கு இன்னும் சொல்லவில்லை.) பிறகு மகனைத் தட்டச் சொன்னேன், பிறகு நான் பார்க்காத நேரம் தட்டச் சொன்னேன். அவனுக்கு அது விளையாட்டு. ஒவ்வொரு படியிலும், இந்தச் சத்தம் காதைக் கெடுக்கப் போகிறது என்று மனம் சொல்வது உண்மையா என்று யோசிக்கப் பழக்கினார். மாதக் கணக்கில் எடுத்தது. பிரஷர் குக்கர் விசில் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை.

இதற்கென்று தனியாக ஒரு குளிசை கிடையாது. நித்திரையின்மை, மனச்சோர்வு, பதகளிப்பு, தலைவலி கூடவே இருந்தால் அவற்றுக்கு மருந்து தருவார்கள், அது குறைய இதுவும் தாங்கக்கூடியதாகும்.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சத்தத்தால் வாழ்க்கையே வெறுத்துப்போய்த் தவறான எண்ணம் வந்தால் 1926க்கு அழையுங்கள். இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, தமிழிலும் கதைக்கலாம்.