ஜல்லி உடைக்கும் கட்டங்கள்: கேள்வி பதில்

கேள்வி: நாமக்கல் பக்கம் புதிதாகக் கிரஷர் அமைக்க இருக்கிறோம். பாறையை மூன்று கட்டமாகத்தான் உடைக்க வேண்டுமா?

பதில்: கருங்கல்லுக்கு ஆம். முதல் கட்டமான ஜா கிரஷர் (இரண்டு தகடுகளுக்கு நடுவே தாடைபோல் கல்லை நெரிக்கும் இயந்திரம்) தன் வாய்க்குள் விழும் கல்லை ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கும், 600 மி.மீ. கல் 120 முதல் 150 மி.மீ. வரை வந்து சேரும். அதை ஜல்லியாக்குவது, நடுவில் கூம்பு அசைந்து நெரிக்கும் கோன் கிரஷரின் வேலை, மூலை மழுக்கி வடிவம் கொடுப்பதும் எம்-சாண்ட் என்னும் செயற்கை மணல் எடுப்பதும் வி.எஸ்.ஐ.யின் (கல்லைச் சுழற்றி வீசி மோதவிடும் கிரஷர்) வேலை. வெடிவைத்த கல்லோடு வரும் மண்ணை ஜாவுக்கு முன்பே கிரிஸ்லி எனும் இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைக் கம்பிகளில் பிரித்து வெளியேற்றுங்கள். அங்கே தப்பிய களிமண் கடைசியில் மணலில்தான் வந்து நிற்கும்.

கேள்வி: எங்கள் முக்கால் அங்குல ஜல்லி தட்டையாக வருகிறதென்று பொறியாளர் லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். கோனை மாற்ற வேண்டுமா ஐயா?

பதில்: மாற்றுவதற்கு முன் கோனின் மேடையில் ஏறி, ஓடும்போது உள்ளே பாருங்கள். நடுவிலுள்ள கூம்பின் (மேண்டில்) தலை வெளியே தெரிந்தால் கோன் பாதி வயிற்றோடு ஓடுகிறது என்று பொருள். கல் நிரம்பியிருக்கும்போது கல்லும் கல்லும் ஒன்றையொன்று நெரித்து உடைவதால் ஜல்லி கனசதுரமாக வரும். நிரம்பாதபோது மாங்கனீஸ் தகடு மட்டுமே அடிப்பதால் சில்லுகளாகப் பிளந்துவிடும். ஜாவுக்கும் கோனுக்கும் இடையில் ஒரு சேமிப்புத் தொட்டி வைத்து, கல் விட்டுவிட்டு வராமல் சீராக விழும்படி செய்யுங்கள். கான்கிரீட் ஜல்லிக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, தட்டைக் கல்லும் நீளக் கல்லும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஜல்லியைக் கையில் அள்ளிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தட்டையும் நீளமும் அளக்கும் அளவியில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: கிரஷர் பவுடரைப் பூச்சு வேலைக்குப் போடலாமா?

பதில்: கூடாது. ஜல்லி சலிக்கும்போது அடியில் மிஞ்சுவது பவுடர். அதன் துகள்கள் தட்டையானவை, அளவும் சீராக இராது. எம்-சாண்ட் என்பது வி.எஸ்.ஐ.யில் உடைத்து, நுண்தூளைக் கழுவியோ காற்றால் பிரித்தோ எடுக்கப்படுவது.

கேள்வி: அரியலூர் சிமென்ட் ஆலைகளில் ஒரே இம்பாக்டரில் (சுழலும் பட்டைகளால் கல்லை அடித்து உடைக்கும் இயந்திரம்) உடைக்கிறார்களே! மூன்று இயந்திரம் என்பது விற்பவர்கள் கட்டிவிட்ட கதை.

பதில்: அங்கே உடைவது சுண்ணாம்புக்கல். அது மென்மையானது, இயந்திரத்தைத் தேய்க்கும் குவார்ட்ஸ் என்ற கடினக் கனிமமும் அதில் குறைவு. ஆகவே பெரிய கல்லை ஒரே அடியில் சிறிதாக்க முடிகிறது. பல்லாவரம் வட்டாரத்துச் சார்னோக்கைட் என்ற கடினப் பாறையிலோ உங்கள் ஊர்க் கருங்கல்லிலோ குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கடினக் கனிமமும் நிறைந்திருப்பதால், அதே இம்பாக்டரின் அடிக்கும் பட்டைகள் மிக வேகமாகத் தேய்ந்துவிடும்.

கேள்வி: முன்னவர் சொன்னதே சரி. இப்போது குரோமியம் கலந்த பட்டைகள் வந்துவிட்டன. நீங்கள் பழைய கணக்கைச் சொல்கிறீர்கள்.

பதில்: குரோமியப் பட்டை தேய்மானத்தைத் தாங்கும், ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. பெரிய கல் விழும் முதல் கட்டத்தில், அதிலும் மண்வாரி இயந்திரத்தின் பல் ஒன்று கழன்று கல்லோடு வந்துவிட்டால், பட்டை உடைந்து சிதறும். மாங்கனீஸ் எஃகு அடிபட அடிபட மேற்பரப்பில் இறுகும் என்பதால்தான் ஜாவும் கோனும் கருங்கல்லுக்கு இன்றும் நிற்கின்றன. பட்டையின் விலையை மட்டும் பார்க்காமல், அதை மாற்றுவதற்காக ஆலை நிற்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு டன் ஜல்லிக்கு என்ன செலவு என்று கணக்கிடுங்கள்.

கேள்வி: பவுடரைக் கான்கிரீட்டில் மட்டும் கலக்கலாமா?

பதில்: மேலே சொன்னதே இதற்கும் பொருந்தும்.

கேள்வி: கிரஷருக்கு மானியம் உண்டா?

பதில்: மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஜாவில் கல் சிக்கினால் ஆட்கள் கடப்பாரையால் நெம்புகிறார்கள். சரியா?

பதில்: உடனே நிறுத்துங்கள். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே வேலை செய்பவரே வைத்திருக்க வேண்டும். மோட்டார் நின்ற பிறகும் ஜாவின் பக்கவாட்டிலுள்ள கனமான சக்கரத்தில் (ஃப்ளைவீல்) விசை மிச்சமிருக்கும். அது முற்றிலும் நின்று, தானாக உருளாதபடி தடுக்கப்படும்வரை வாய்க்குள் கையோ கடப்பாரையோ போகக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் எல்லோரும் பவுடரில்தான் பூசுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: பவுடர் பற்றி மூன்றாவது கேள்வி இது. கூடாது.

கேள்வி: ஜல்லியில் தண்ணீர் தெளித்தால் எடை கூடுகிறதென்று லாரிக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். தெளிப்பதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். கருங்கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். வந்தால் குணமாக்க வழியில்லை. கன்வேயரிலிருந்து கல் விழும் இடங்களில் பனிபோல் நுண்துளியாகத் தெளித்தால் தூசியும் அடங்கும், எடையும் அதிகம் கூடாது. எடைத் தகராறு தீரவில்லையென்றால் ஜல்லியைக் கன அளவில் விற்றுக்கொள்ளுங்கள்.