கடலூர், புதுச்சேரி பக்கம் ஹைஸ்கூல் சீட் கிடைக்கலையா? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கம். அரசுப் பள்ளியில டீச்சரா சேர்ந்து கடைசி ஒன்பது வருஷம் ஹெச்எம்மா இருந்து ரிட்டயர் ஆனவ நான். சீட் விஷயமா நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா பதில் போடுறேன்.

கோண்டூர்ல இருந்து ஒரு அம்மா: புதுசா வீடு கட்டி வந்தோம் டீச்சர். பையன் நடுநிலைப்பள்ளியில எட்டு முடிச்சான், ஒன்பதாவதுக்குப் போனா ஃபுல்லுங்கறாங்க. சுத்தி இத்தனை ஸ்கூல் இருக்கே, ஏன் இப்படி?

இருக்கறதுல முக்கால்வாசி தொடக்கப்பள்ளியும் நடுநிலைப்பள்ளியும்தாம்மா. நாலஞ்சு நடுநிலைப்பள்ளிப் பசங்க எல்லாம் எட்டு முடிச்சதும் ஒரே ஹைஸ்கூல் வாசல்ல வந்து நிக்கிறாங்க. கரும்பும் நெல்லும் இருந்த இடமெல்லாம் மனையாயிடுச்சு, செம்மண்டலம் பாதிரிக்குப்பம் பக்கம் போய்ப் பாருங்க, மனை போடும்போது ரோடு, தண்ணி டேங்க் எல்லாம் யோசிக்கிறாங்க, அங்க குடி வர்ற குழந்தை அஞ்சு வருஷம் கழிச்சு எங்க போய் ஒன்பதாவது உக்காரும்னு யாரும் யோசிக்கிறதில்ல.

இன்னொண்ணு, கல்வி உரிமைச் சட்டம் (ஆர்டிஇ) 2009ல வந்துச்சு, அது 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும்தான், அதாவது எட்டாவது வரை. அதுவரைக்கும் சீட் குழந்தையோட உரிமை. ஒன்பதாவதுக்கு அந்தச் சட்டம் இல்ல. 5 கிலோமீட்டருக்குள்ள ஒரு ஹைஸ்கூல் இருக்கணும்னு மத்திய அரசுத் திட்டத்துல இலக்கு வச்சாங்க, ஆனா அது இலக்குதான், உரிமை இல்ல. எனக்கு இதுதான் இன்னைக்கு வரைக்கும் ஆறாத வருத்தம், பிள்ளைங்க நழுவிப்போற வயசே அதுதானே.

நீங்க செய்ய வேண்டியது, வாய்ல கேட்டுட்டுத் திரும்பி வராதீங்க. விண்ணப்பத்தை எழுத்துல குடுங்க, தேதி போட்டு நகல்ல ஒரு கையெழுத்து வாங்குங்க. இடமில்லைன்னா அதையும் எழுதிக் கேளுங்க. அதை வச்சு டிஇஓ (மாவட்டக் கல்வி அலுவலர்) ஆபீஸ், சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ் போங்க, அங்கயும் நடக்கலன்னா திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு போடுங்க. ஸ்கூல் வாசலோட திரும்பிப்போற பிள்ளை எந்தக் கணக்குலயும் வராது, கணக்குல வரலன்னா அடுத்த வருஷம் அந்த ஊருக்கு இன்னொரு செக்ஷன் எதுக்குன்னு கேப்பாங்க.

வில்லியனூர்ல இருந்து ஒருத்தர்: ஆறாவதுக்குத் தனியார் ஸ்கூல்ல டெஸ்ட் வச்சு, டொனேஷனும் கேக்குறாங்க.

ரெண்டும் தப்பு. கல்வி உரிமைச் சட்டத்தோட 13வது பிரிவுல தெளிவா இருக்கு, டெஸ்ட் வச்சுப் பொறுக்குனா முதல் தடவை 25,000 ரூபா வரைக்கும் அபராதம், அடுத்தடுத்த தடவைக்கு 50,000, டொனேஷன்னா வாங்கின தொகையைப் போல பத்து மடங்கு வரைக்கும். ரசீது இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க சார். என் சொந்தத் தங்கச்சியே ஒரு ஸ்கூல்ல துண்டுச்சீட்டுல தொகை எழுதிக் காட்டினதை நம்பிக் கட்டிட்டு வந்தா, அந்தச் சீட்டையும் அவங்களே திருப்பி வாங்கிக்கிட்டாங்க, கேட்டா ஆதாரம் எங்கங்கறாங்க. புகாரைப் பள்ளிக்கல்வி இயக்குநரகத்துக்கு எழுத்துல குடுங்க.

இன்னொருத்தர்: தனியார் ஸ்கூல்ல ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குற 25 சதவீத ஆர்டிஇ சீட்டுல ஆறாவதோ ஒன்பதாவதோ சேர முடியுமா?

முடியாதுப்பா. அது ஸ்கூலோட ஆரம்ப வகுப்புக்கு மட்டும், நம்ம தமிழ்நாட்டுல பெரும்பாலும் எல்கேஜி.

ரெட்டிச்சாவடி: பாகூர் பக்கம் புதுச்சேரி அரசுப் பள்ளி எங்களுக்குக் கிட்டக்க. அங்க சேர்த்துடலாமா அக்கா?

யோசிச்சுச் செய் தம்பி. பார்டர்ல இருக்குறவங்களுக்கு இது சகஜம், தூரத்தைப் பார்த்தா அதுதான் நியாயம்னும் தோணும். ஆனா புதுச்சேரி அரசுப் பள்ளியெல்லாம் 2023-24ல இருந்து படிப்படியா சிபிஎஸ்இக்கு மாறியாச்சு. அதுல ஒன்பதாவதுலயே போர்டு ரெஜிஸ்ட்ரேஷன் நடக்கும், அதனால போறதுன்னா ஒன்பதாவதுக்கு முன்னாடியே போகணும், பத்தாவதுல மாத்துறது ரொம்பக் கஷ்டம்.

அதைவிடப் பெருசு, தமிழ்நாட்டுல மெடிக்கல், இன்ஜினியரிங் 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு. ரெண்டு வருஷம் அந்தப் பக்கம் போனா அது கை நழுவிடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கும் அந்த 7.5 கிடையாது, இதைத் தெரியாம மாத்திட்டு அப்புறம் அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கேன். புதுச்சேரியில அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்பிபிஎஸ்ல தனியா 10 சதவீதம் இருக்கு, ஆனா அது அந்த ஊர்க்காரங்களுக்கானது.

இன்னொருத்தர்: டிசி வரலன்னு ஏழாவதுல சேர்க்க மாட்டேங்குறாங்க.

டிசி லேட்டுங்கறதுக்காக எட்டாவது வரைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது, சட்டத்துலயே இருக்கு, 5வது பிரிவைக் காட்டுங்க.

ஒரு இளம் ஆசிரியர்: மேடம், நீங்க சேர்க்கச் சொல்றீங்க, ரூம் இல்லாம நாங்க என்ன பண்றது?

உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா தம்பி. ஒரு வருஷம் எங்க ஒன்பதாவது அ பிரிவுல 83 பேர். வருகைப் பதிவேட்டுல பக்கம் பத்தாம வெள்ளைத்தாளுக்குக் கோடு போட்டு கோந்து வச்சு ஒட்டுனேன். மூணு பேர் உக்கார்ற பெஞ்சுல அஞ்சு பேர், ஓரத்துல இருக்குறவன் ஒரு காலை நடைபாதையில ஊணிக்கிட்டுத்தான் எழுதுவான். மழை வந்தா வராண்டால உக்காந்த கும்பலும் உள்ள வந்துரும். அதுல கணக்கு நடத்துறது எப்படின்னு கேக்காத.

ஆனாலும் சேர்த்தோம், ஏன்னா ஆகஸ்ட் 1 நிலவரப்படி இருக்குற எண்ணிக்கையை வச்சுதான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் பண்ணுவாங்க. ஜூன்ல அம்பது பேரைத் திருப்பி அனுப்பிட்டு ஆகஸ்ட்ல வாத்தியார் வேணும்னா எப்படிக் குடுப்பாங்க? அதனால ஜூலைக்குள்ள சேர்த்து எமிஸ்ல (மாணவர் விவரம் பதியுற அரசு இணையதளம்) ஏத்திடு. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டு, அதுல முக்கால்வாசி பெற்றோர்தானே, வகுப்பறை, கூடுதல் பிரிவு, தரம் உயர்வு இந்த மூணையும் தனித்தனித் தீர்மானமா போடச் சொல்லு, எண்ணிக்கையோட. ஹெச்எம் எழுதுற கடிதத்தைவிட பெற்றோர் கையெழுத்துப் போட்ட தீர்மானத்துக்கு ஆபீஸ்ல மதிப்பு ஜாஸ்தி. எங்களுக்கு ரெண்டாவது பிரிவு வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, அதுவும் நாலு தீர்மானத்துக்கு அப்புறம்.

பதினொண்ணாவது குரூப் பத்திக் கேட்டவங்களுக்கு நாளைக்கு எழுதுறேன், அது தனிக்கதை. எந்த ஊர், பத்தாவதுல என்ன மார்க், எந்த குரூப் வேணும்னு மட்டும் போட்டு வைங்க.