சொந்த வண்டியை எடுத்தாலும் திருட்டு வழக்கு வரும்

கேள்வி (சுருக்கம்): எங்கள் ஊர் கானாடுகாத்தான். ஐயா (அப்பாவின் அப்பா) ஓட்டிய அம்பாசடர் கார் வீட்டில் பல வருடம் சும்மா நின்றது. அதன் கிரில்லுக்கு யாரோ எப்போதோ கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு அந்தக் காரையே எடுக்க ஆசைப்பட்டு, காரைக்குடியில் ஒரு பட்டறையில் விட்டேன். டிங்கரிங், பெயின்டிங், கிரில்லில் பெயின்ட்டை உரித்து உள்ளே இருக்கும் குரோமை வெளியே கொண்டுவருவது எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய் என்று பேச்சு. 40,000 கொடுத்துவிட்டேன். கிரில்லை ராத்திரி முழுக்க காஸ்டிக் சோடா தண்ணீரில் ஊறப்போட்டு, டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்திருக்கிறார்கள். குரோம் போய், சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக நிற்கிறது. கேட்டால் பட்டறைக்காரர், “உள்ளே குரோமே இல்லை, அதனால்தான் அன்றைக்கே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்” என்கிறார். மீதி 22,000 கொடுத்தால்தான் வண்டி என்கிறார். தம்பி ஜீப்புக்கு வைத்த பழைய பாக்கி 6,000-மும் சேர்த்துக் கேட்கிறார். கல்யாணத்துக்கு வாடகைக் கார் எடுத்தோம், சம்பந்தி வீட்டார் முன் தலைகுனிவு. ஸ்பேர் சாவி என்னிடம் இருக்கிறது. வண்டியை எடுத்து வந்துவிட்டு, 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் வழக்குப் போடலாமா? ஆர்.சி. இன்னும் ஐயா பெயரில்தான் இருக்கிறது. சித்தப்பாமாரோடு வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கும் நடக்கிறது.

பதில்: ஐயாவின் ஞாபகம், சம்பந்தி வீட்டார் பேச்சு, பட்டறைக்காரர் உங்கள் அப்பா காலத்தில் எப்படி இருந்தார் இப்போது எப்படி மாறிவிட்டார் என்பதெல்லாம் உங்களுக்கு வலிக்கும். வழக்குக்கு உதவாது. இதில் சட்டத்துக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். வண்டியைப் பட்டறையில் விட்ட அன்று, அந்தக் கறுப்பு பெயின்ட்டுக்கு அடியில் நல்ல குரோம் இருந்தது என்று உங்களால் காட்ட முடியுமா? சேவையில் குறை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

பட்டறைக்காரர் சொல்வதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். குரோம் மேல் பெயின்ட் லேசில் ஒட்டாது. ஒட்டுவதற்காக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள், அந்தக் கீறல் குரோமிலேயே விழும். துரு ஏறிப் பொரிந்த குரோமை மறைக்க பெயின்ட் அடிப்பதும் உண்டு. குரோம் பூச்சின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அடியில் நிக்கல், பல நேரம் அதற்கும் அடியில் செம்பு. ஆகவே அது அன்றைக்கே போயிருக்கவும் வாய்ப்புண்டு, போன மாதம் டிரில்லில் போயிருக்கவும் வாய்ப்புண்டு.

கிரில்லில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் இரும்பு. இரும்பையும் பித்தளையையும் காஸ்டிக் பெரிதாக ஒன்றும் செய்யாது, குறை சொல்லக் கம்பி பிரஷ் மட்டுமே மிஞ்சும். துத்தநாக வார்ப்பாக இருந்தால் கதை வேறு. காஸ்டிக் அதை அரித்துவிடும், தொழில் தெரிந்தவர் அதில் ஊறப்போட்டிருக்கக் கூடாது. அப்புறம், கிரில்லைக் கழற்றும்போது போல்ட் வாஷர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பாருங்கள். பெயின்ட்டும் உப்புத்தாளும் போகாத இடம் அது. அங்கே வட்டமாகப் பழைய குரோம் மிஞ்சியிருந்தால், இரண்டு தரப்பும் இருக்கும்போது படம் எடுங்கள். அது முன்பக்கத்தின் நிலையைச் சொல்லாது. ஆனால் ‘குரோமே இல்லை’ என்ற பேச்சு அதோடு நின்றுவிடும். படங்களை போனை விட்டு அழிக்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் அவற்றின் பிரதிகள் சாட்சியமாக ஏறுவது கஷ்டம்.

இனி அந்த ஸ்பேர் சாவி. இந்தப் பதிலை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவைப் படியுங்கள். ஒருவர் கொடுத்த பொருளில் உழைப்பையோ திறமையையோ செலுத்தி வேலை செய்தவர், தனக்குச் சேர வேண்டிய கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை உதாரணமாகச் சட்டமே சொல்கிறது. இதன் மறுபக்கம் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. கடிகாரத்தைப் பழுது பார்த்தவர் கூலிக்காக அதைச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கும்போது, அந்தப் பிடிமானத்தை இல்லாமல் செய்யும் எண்ணத்தோடு சொந்தக்காரரே எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டு. இந்த உதாரணம் பழைய தண்டனைச் சட்டத்தின் 378-வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவிலும் இருக்கிறது. கடிகாரம் என்று இருக்கும் இடத்தில் உங்கள் அம்பாசடரை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

‘வேலையைக் கெடுத்தவனுக்கு என்ன கூலி’ என்று கேட்பீர்கள். நீதிமன்றத்தில் கேட்க வேண்டிய நல்ல வாதம்தான். ஆனால் டிங்கரிங்கிலும் பெயின்டிங்கிலும் நீங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்தக் கூலி பாக்கி இருக்கும்வரை வண்டி மேல் அவருக்குப் பிடி இருக்கிறது. கிரில்லுக்கு எவ்வளவு கழிப்பது என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு, விடியற்காலையில் வண்டியைக் கிளப்ப முடியாது.

அப்படிக் கிளப்பிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டறையில் கேமரா இருக்கும். காலையில் புகார் போகும், கூடவே ‘ஷெட்டில் இருந்த டூல்ஸையும் காணோம்’ என்று ஒரு வரி சேரும். நஷ்டஈடு கேட்க வேண்டியவர் முன்ஜாமீனுக்கு அலைவார். அந்த வகையில் போகும் பணத்துக்குக் கிரில்லுக்குப் பல தடவை குரோம் பிளேட்டிங் (பூச்சு) செய்திருக்கலாம். கடைசியில் எதிர்த்தரப்பு, ‘நுகர்வோர் வழக்கை வாபஸ் வாங்கு, நானும் புகாரை விட்டுவிடுகிறேன்’ என்று பேரத்துக்கு வரும். நியாயம் இருந்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். சாவியை உங்கள் வீட்டு ஆச்சியிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

பணத்தைக் கட்டி வண்டியை எடுங்கள். 22,000-ஐ வங்கி வழியாக அனுப்பி, ‘கிரில் வேலை குறித்த ஆட்சேபணையுடன், உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன்’ என்று அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பணம் கட்டியதால் வழக்கு போய்விடாது. வழக்கைக் கெடுப்பது டெலிவரி சீட்டு. வண்டி கிடைத்த சந்தோஷத்தில் ‘வேலை திருப்தி’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். அதற்குப் பிறகு என்னிடம் வந்து பிரயோஜனம் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு, கிரில் நிலையை உங்கள் கையால் எழுதி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

தம்பி பாக்கி 6,000-க்காக உங்கள் வண்டியைப் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை. பழைய கணக்குக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவு வங்கி போன்ற சிலருக்குத்தான் தருகிறது. மோட்டார் பட்டறை அந்தப் பட்டியலில் இல்லை.

நீங்கள் கவனிக்காத இன்னொரு குழி, பாகப்பிரிவினை வழக்கு. நுகர்வோர் புகார் கொடுக்க ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. பணம் கொடுத்து வேலை வாங்கியவர் என்பது போதும். ஆனால் 5 லட்சம் கேட்கும் வேகத்தில் பிரமாண வாக்குமூலத்தில் ‘எனக்குச் சொந்தமான பாரம்பரிய கார், விலை மதிப்பற்றது’ என்று எழுதினால், அடுத்த வாய்தாவில் சித்தப்பா வக்கீல் அதன் நகலைத் தாக்கல் செய்வார். ஐயாவின் கார் எல்லா வாரிசுக்கும் பொது, அதை இவர் மட்டும் தன்னுடையது என்கிறார், சொத்துப் பட்டியலில் காட்டவில்லை என்பார். செட்டிநாட்டு வீடுகளில் இரட்டைக் கதவுக்கும் பர்மா தேக்குத் தூணுக்கும் பங்காளிகள் எப்படி மல்லுக்கட்டுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ‘வேலைக்கு விட்டது நான், பணம் கட்டியது நான்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

ஆர்.சி.யையும் பாருங்கள். சொந்தக்காரர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இரண்டும் இல்லாத வண்டியை ரோட்டில் எடுத்து விபத்து நடந்தால், இந்தக் கிரில் பிரச்சினை ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். பட்டறையிலிருந்து ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள்.

நஷ்டஈட்டுத் தொகைக்கு வருவோம். 5 லட்சம் கிடைக்காது. ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவின்படி, மீறலால் நேராக விளைந்த நஷ்டம்தான். அதாவது கிரில்லைத் திரும்ப பிளேட்டிங் செய்யும் செலவு, அல்லது வேறு பழைய கிரில் வாங்கும் செலவு. மன உளைச்சலுக்கு நுகர்வோர் ஆணையம் ஏதாவது சேர்த்தாலும், கிரில் விவகாரத்தில் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை என்பதால் சிவகங்கை மாவட்ட ஆணையத்தில் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றும். கட்டணம் இல்லைதான், ஆனால் அலைச்சல் உண்டு. போதாததற்கு, குரோம் இருந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சமரசம் செய்துகொள்ளுங்கள். கிரில்லுக்கு என்று பேசிய கூலியை அவர் விட்டுக்கொடுக்கட்டும், பிளேட்டிங் செலவில் பாதியை அவர் ஏற்கட்டும். நேரில் பேச்சு எழவில்லை என்றால் உங்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள், செலவில்லை. புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் இருப்பதால், பேச்சு முறிந்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. ஒரே ஒரு நிபந்தனை: கிரில்தான் உங்கள் ஒரே சாட்சி, அதைப் புதுசாக்கிவிட்டால் காட்ட எதுவும் இருக்காது. தொகையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, அவர் பங்கு பணம் கைக்கு வந்த பிறகு அதை பிளேட்டிங்குக்கு அனுப்புங்கள்.