அம்மா இருக்கிற அநாதைகள்

அன்புள்ள ஐயா,

மெல்பர்னில் செவிலியாக வேலை செய்கிறேன். எங்கள் தமிழ்ச் சபைக்குச் சென்ற மாதம் ஒரு சகோதரர் வந்து, கம்போடியாவில் தாம் ஊழியம் செய்யும் அநாதை இல்லத்தின் படங்களைக் காட்டினார். மாதம் 50 டாலர் கொடுத்தால் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடும் படிப்பும் ஆகிவிடும் என்றார். கொடுக்கத் தொடங்கிவிட்டேன். விடுமுறையில் என் மகளும் இரண்டு வாரம் அங்கே போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். இந்த நேரத்தில்தான், 'அநாதை இல்லங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று போகிறபோக்கில் நீங்கள் எழுதிய வரியைப் படித்தேன். 'திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்' மாசில்லாத பக்தி என்கிறது யாக்கோபின் நிருபம். கடவுள் நம்பிக்கை இல்லாத உங்களுக்கு மிஷனரி என்றாலே ஆகாதோ?

பெயர் வேண்டாம், மெல்பர்ன்

அன்புள்ள சகோதரிக்கு,

போகிறபோக்கில் எழுதியது என் தவறு. ஆனால் மிஷனரிகளோடு எனக்குப் பகை இல்லை. என் பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்ததே பாளையங்கோட்டை மிஷன் பள்ளி ஒன்றில்தான். எனக்கு ஒவ்வாதது அநாதை இல்லம் என்ற அந்தக் கட்டடம். அதன் வாசலுக்கு வெளியே நிற்கும் தாய் நம் கண்ணில் படுவதே இல்லை.

கம்போடியாவையே எடுத்துக்கொள்வோம். லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற போல் பாட் ஆட்சி 1979இல் விழுந்தது. அது விட்டுச்சென்ற அநாதைகளில் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். அப்படியிருக்க, 2005க்கும் 2010க்கும் நடுவில் அந்த நாட்டில் அநாதை இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அந்த ஆண்டுகளில் அங்கே போர் இல்லை. பெருகியது சுற்றுலாப் பயணிகளும் நன்கொடையும். அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். ஏழைகள். பிள்ளையாவது படிக்கட்டுமே என்று அனுப்பிவைத்தவர்கள்.

கரீபியத் தீவு நாடான ஹெய்ட்டியில் நடந்தது இன்னும் துலக்கமானது. 2010 ஜனவரி 12இல் நிலநடுக்கம். பதினேழு நாள் கழித்து, பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த அமெரிக்கர்கள் பத்துப் பேர் 33 பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் குடியரசின் எல்லைக்குப் போனார்கள். கையில் உரிய ஆவணங்கள் இல்லை. பிடித்து விசாரித்தால், அநாதைகள் என்று சொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பெற்றோர் இருந்தார்கள். பலர் ஹெய்ட்டியின் தலைநகரை அடுத்த மலையிலுள்ள கல்லெபாஸ் என்ற ஊரின் பிள்ளைகள். பள்ளிக்கூடம் உண்டு, விளையாட இடம் உண்டு, நீங்களும் வந்து பார்க்கலாம் என்ற பேச்சை நம்பிப் பெற்றவர்களே கையைப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். தான் அநாதை இல்லை, தனக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள் என்று ஒரு சிறுமி அழுததாக, பிள்ளைகளைப் பிறகு ஏற்றுக்கொண்ட காப்பகத்தார் சொன்னார்கள். அந்தப் பத்துப் பேரையும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இடிபாடுகளுக்குள் தேடிப் போனவர்கள். வீடிழந்த தாய்க்குத் தார்ப்பாயும் அரிசியும் கொடுத்தால் பிள்ளை அவளோடேயே இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

நீங்கள் காட்டிய வசனத்தையே பாருங்கள். 'விசாரிக்கிறது' என்ற சொல் நம் பழைய வேதாகமத் தமிழின் அழகு. துன்பப்படுகிறவர்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பதும் அதுதான், 'இது யார் பிள்ளை' என்று கேட்பதும் அதுதான். யாக்கோபு பிள்ளையையும் விதவையையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அநாதை இல்லமோ விதவையை ஊரிலேயே விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் அழைத்துவருகிறது.

வேறு வழியைக் கண்டதும் உங்கள் ஆட்கள்தான். 1952இல் கொரியப் போரின் நடுவே, நாதியற்றுச் செத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு எவரெட் ஸ்வான்சன் என்ற அமெரிக்கப் போதகர் தொடங்கியது கம்பேஷன் அமைப்பு. அன்று அவர்கள் உண்மையிலேயே அநாதைகள், இல்லம் தேவைப்பட்டது. பின்னாளில் அதே அமைப்பு, பிள்ளையை வீட்டிலேயே இருக்கவிட்டு, உள்ளூர்ச் சபை வழியாகப் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உணவுக்கும் உதவும் முறைக்கு மாறியது. புரூஸ் வைடிக் என்ற பொருளியலாளரும் கூட்டாளிகளும் இந்தியா, உகாண்டா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். உதவி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஓராண்டுக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். (2017இல் அந்த அமைப்பு இந்தியாவைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்த அரசியலை இன்னொரு நாள் பேசலாம்.)

மகளின் பயணத்துக்கு வருகிறேன். நீங்கள் செவிலி. பயிற்சியும் இல்லாத, மொழியும் தெரியாத ஒரு பெண்ணை இரண்டு வாரத்துக்கு உங்கள் குழந்தைகள் வார்டில் விடுவீர்களா? பிள்ளை ஒட்டிக்கொள்ளும், இவள் கிளம்பிவிடுவாள், அடுத்த வாரம் வேறொருத்தி வந்து தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்வாள். நவீன அடிமைத்தனம் பற்றி ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017இல் கொடுத்த அறிக்கையில், அநாதை இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவது பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. டிக்கெட் எடுப்பதற்குமுன் அவள் அதைப் படிக்கட்டும்.

பணத்தை உடனே நிறுத்திவிடாதீர்கள். நடுவில் நிறுத்தினால் பட்டினி கிடக்கப்போவது பிள்ளைகள்தான். அந்தச் சகோதரருக்கு எழுதிக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாள்? அவள் கடைசியாக எப்போது வந்து பார்த்தாள்? இதே 50 டாலரை அவள் வீட்டுக்குக் கொடுத்தால் பிள்ளையைத் திருப்பி அனுப்புவீர்களா?

மூன்றாவது கேள்விக்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.